ஏழாவது ஸ்லைடு

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கெல்லாம் தலைக்குக் குளித்துவிட்டுச் சண்முகப்பிரியா பூஜை அறைக்குள் நுழைந்தாள். ரங்கநாதர் படத்துக்கு முன்னால் பித்தளைத் தாம்பாளத்தில் அவளுடைய ஃப்ளாப்பி இருந்தது. மேலே ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டின் நான்கு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம். பரீட்சைக்குப் போகும்போது ஹால் டிக்கெட்டைச் சாமி முன்னால் வைத்து எடுப்பது அந்த வீட்டு வழக்கம். ஹால் டிக்கெட்டுக்கு ஆகும்போது ஃப்ளாப்பிக்கு மட்டும் ஆகாதா என்ன?

"சாமிகிட்ட வெச்சு எடுத்துட்டுப் போ கண்ணு. எல்லாம் நல்லபடியா ஆகும்" என்று முந்தின நாள் சொன்னவர் அப்பா தம்பிதுரை. சொன்னதோடு நிற்காமல் காரையும் டிரைவரையும் கொடுத்து, அம்மாவையும் மகளையும் காரமடைக்கு அனுப்பி, ரங்கநாதரை நேரிலேயே பார்த்துவிட்டு வரச் செய்தார். அப்பா இவ்வளவு இறங்கி வந்தது பிரியாவுக்கே ஆச்சரியம்தான்.

இந்தச் சின்னக் கறுப்புத் தகட்டுக்காக அந்த வீடு பட்ட பாட்டைப் போன வாரம் பார்த்தோம். பிரியா ஆடை வடிவமைப்பில் கடைசி வருஷம். பெங்களூர் ஏற்றுமதி நிறுவனம் ஒன்று அவள் கல்லூரியிலிருந்து இரண்டே பேரைப் பயிற்சிக்கு எடுக்கப்போகிறது. ஒரு நிபந்தனை. மூன்று வருஷம் வரைந்ததையெல்லாம் காகிதக் கட்டாகத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது. கம்ப்யூட்டரில் பவர்பாயிண்டில் ஸ்லைடு ஸ்லைடாகத் தொகுத்துக் கொண்டுவர வேண்டும்.

வீட்டிலேயோ அந்தியூர் சம்பந்தம் வாசலில் வந்து நிற்கிறது. பெண் கொடுத்துப் பெண் எடுப்பதாகப் பேச்சு. பிரியா அந்த வீட்டுக்கு மருமகளாகப் போனால், மாப்பிள்ளையின் தங்கை இங்கே அண்ணன் மோகன்குமாருக்கு வாழ்க்கைப்பட்டு வருவாள். பிரியா அழுதாள், சாப்பிடாமல் கிடந்தாள். கடைசியில் சொந்தக்காரர்கள் எட்டுப் பேர் முன்னால் அப்பா வாக்குக் கொடுத்தார்.

"பெங்களூர்க்காரங்க பட்டியல்ல இவ பேர் வந்துச்சுன்னா, ரெண்டு வருஷத்துக்கு இந்த ஊட்ல கல்யாணப் பேச்சே கிடையாது. வரலீன்னா அந்தியூருக்குத் தாக்கல் சொல்லிப்போடுவேன்."

தம்பிதுரை வாக்கு மாறாதவர் என்பதைச் சந்தையில் கேட்டாலும் சொல்வார்கள்.

அதன்பின் மூன்று வாரம் பிரியா தூங்கியது குறைவு. காந்திபுரத்தில் அப்துல் மஜீத் பாய் கடையில் படங்களை ஸ்கேன் செய்தாள். நாற்பது படம் இருந்தது. ஒரு ஃப்ளாப்பிக்குள் அத்தனையும் அடங்காது என்று மஜீத் பாய் கையை விரித்தார். சுருக்கிச் சுருக்கி, பிள்ளைகளில் எதை விட்டுவிட்டுப் போவது என்று தவிக்கிற மாதிரித் தவித்து, இருபத்துநாலுக்குக் கொண்டுவந்தாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் வேலை முடிந்ததும் ஃப்ளாப்பியின் மூலையில் இருந்த சின்னக் கட்டையை நகத்தால் தள்ளினாள். ஓட்டை திறந்துகொண்டது.

"அதென்ன கண்ணு?" என்று பின்னாலிருந்து அப்பா கேட்டார்.

"பூட்டுங்கப்பா. இப்பிடித் தள்ளி வெச்சா, உள்ள இருக்கறதைப் பாக்கலாம். யாராலயும் மாத்த முடியாது."

அவர் வாங்கித் தானும் ஒருமுறை தள்ளிப் பார்த்தார். மறுபடி திருப்பித் தள்ளினார். "அட, இத்துனூண்டு இருந்துட்டு!" என்று சிரித்தார். கம்ப்யூட்டர் பக்கமே வராத அப்பா பத்து நிமிஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில் பிரியாவுக்கு அன்றைக்கு மனசு நிறைந்துபோயிற்று.

இப்போது ஃப்ளாப்பியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பையில் வைத்தாள். "போயிட்டு வாரேனுங்கப்பா." அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "சரி கண்ணு" என்றார்.

*

கல்லூரிக் கருத்தரங்கக் கூடத்தில் வாடகைக்குப் பிடித்த புரொஜெக்டர் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் பெங்களூர்க்காரர்கள் மூன்று பேர். நடுவில் இருந்தவர் சாயிரா பானு, அந்த நிறுவனத்தின் வடிவமைப்புப் பிரிவுக்குத் தலைவர். கறார் ஆசாமி என்று ஆசிரியை ராமாமணி முன்பே எச்சரித்திருந்தார். பின்வரிசைகளில் வகுப்புப் பெண்கள் எல்லாரும் இருந்தார்கள்.

பதினோராவதாக அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். ஃப்ளாப்பியைப் போட்டாள், கோப்பைத் திறந்தாள், திரையைப் பார்த்தபடி மனப்பாடம் செய்திருந்த முதல் வாக்கியத்தை ஆரம்பித்தாள்.

"மில்லுல பஞ்சு மூட்டை..."

திரையில் பிள்ளையார் வந்தார்.

பிள்ளையாருக்குக் கீழே ஆங்கில எழுத்துகள் ஒவ்வொன்றாகத் தட்டச்சுச் சத்தத்தோடு ஓடி வந்து வரிசையில் நின்றன. பெயர் சண்முகப்பிரியா. வயது இருபத்தொன்று. உயரம் ஐந்தடி மூன்று. நிறம் நல்ல சிவப்பு. பிரியா மாநிறம். அந்தப் பொய் வேறு.

அவள் கை தானாக அடுத்த ஸ்லைடுக்கு நகர்ந்தது. நட்சத்திரம், ராசி, குலப்பிரிவான கூட்டம், குலதெய்வம். அதற்கடுத்து, போன தீபாவளிக்கு எடுத்த பட்டுப் பாவாடை தாவணிப் படம் சுழன்று சுழன்று வந்தது. அடுத்தது சமையல், தையல், கோலம். ஐந்தாவதில் பதினெட்டு ஏக்கர் தோட்டமும் மூன்று கிணறும் வந்தபோது, கம்ப்யூட்டரின் ஒலிபெருக்கியிலிருந்து பலமான கைத்தட்டல் கேட்டது. யாரோ பொத்தானை அமுக்கிச் சேர்த்திருந்த கைத்தட்டல். கூடம் முழுக்கச் சிரித்தது.

"ஏம்மா, நாங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்கன்னு நெனச்சுட்டயா?" என்றார் முன்வரிசை ஆசாமி ஒருவர்.

பிரியாவுக்கு உள்ளங்கை வேர்த்து மவுஸ் வழுக்கியது. ஆறாவதில் அப்பா பெயர், விலாசம், தொலைபேசி எண். நிறுத்தப் போனவள் தவறி இன்னொரு முறை அமுக்கிவிட்டாள்.

ஏழாவது ஸ்லைடு வந்தது. அது அவளுடையது. பஞ்சு மூட்டையின் வாயைச் சாக்கு ஊசியால் இழுத்துத் தைக்கும் கோணல்மாணல் தையல். அதைச் சிவப்பு நூலாக்கி, குழந்தைகள் கவுன் துணியில் ஓடவிட்டிருந்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நிறுத்துங்க" என்றார் சாயிரா பானு. "இது யார் பண்ணினது?"

"நானுங்க மேடம்."

"மத்ததெல்லாம்?"

"இருந்துச்சுங்க மேடம். இதோட இருபத்துநாலு இருந்துச்சு. நேத்து வரைக்கும் இருந்துச்சு."

அவர் அந்தத் தையலையே சிறிது நேரம் பார்த்தார். அனுதாபமெல்லாம் இல்லை, வேலை பார்க்கிற பார்வை. "ஒரு படத்தை வெச்சு ஆள் எடுக்க முடியாதும்மா. இன்னிக்குப் பட்டியல்ல ஒரு பேர்தான் ஒட்டுவேன். நாளைக் காலையில பத்து மணி வரைக்கும் ஹோட்டல்ல இருப்போம். இருபத்துநாலையும் கம்ப்யூட்டர்ல கொண்டாந்தா பார்க்கிறேன். காகிதம் வேண்டாம். பத்துக்கு மேல ஒரு நிமிஷமும் இல்ல."

மூன்று மணிக்கு அறிவிப்புப் பலகையில் ஒரு பெயர் ஒட்டினார்கள். அவளுடையது இல்லை.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஃப்ளாப்பியை வெளியே எடுத்தாள். குங்குமம் விரலில் ஒட்டியது. மூலையைப் பார்த்தாள். ஓட்டை மூடியிருந்தது. பூட்டு நகர்ந்திருந்தது. நானே மறதியாகத் திருப்பித் தள்ளியிருப்பேனோ என்று துடியலூர் வரும்வரை தன்னையே திட்டிக்கொண்டாள். அந்த வீட்டுப் பெண்களுக்கு முதலில் தங்களைத் திட்டிக்கொள்ளத்தான் வரும்.

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி இருக்கும் என்பதைப் பிடித்துக்கொண்டு இறங்கி நடந்தாள்.

*

வாசலில் புதுக்கோலம். கூடத்தில் நாற்காலிகள். சமையலறையிலிருந்து கேசரி வாசனை.

"என்னங்கம்மா இதெல்லாம்?"

"வந்துட்டயா அம்மணி? மூஞ்சியக் கழுவீட்டு அந்தப் பச்சைப் பட்டைக் கட்டு" என்றாள் அம்மா பூவாத்தாள், நெய்க் கரண்டியும் கையுமாக. "அஞ்சரைக்கு அந்தியூர் ஒரம்பரை வராங்க."

"இன்னிக்கா? என் பேர் வந்துச்சா இல்லையான்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

பூவாத்தாள் கரண்டியை நிறுத்தினாள். அவள் முகத்தில் உண்மையான குழப்பம். "காலைல நீ போனதும் உங்கப்பா வந்து, பொழுதோட ஆளுங்க வராங்க, கேசரி கிண்டுன்னு சொன்னாரு. உன்கிட்டச் சொல்லிட்டாருன்னில்ல நெனச்சேன்!"

பிரியா பையைக்கூட இறக்காமல் கூடத்துக்கு ஓடினாள். மோகன்குமார் கம்ப்யூட்டரை ஆபீஸ் அறையிலிருந்து தூக்கி வந்து, ஜரிகை வைத்த துணியை எடுத்துவிட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான். முப்பத்தொரு வயது. நல்லவன்தான். அப்பா வலது கையைக் காட்டினால் வலதுபக்கம் போகிற நல்லவன்.

"அண்ணா, என் ஸ்லைடு எங்க?"

"அதுவா? சூப்பரா மாத்திப்போட்டேன் பாத்தயா?" அவன் முகம் மலர்ந்திருந்தது. "நேத்து நீங்க காரமடை போனப்ப மூணு மணி நேரம் உக்காந்தேன். உன்னோடதுலயே பூந்து, படத்தை எல்லாம் எடுத்துப்போட்டு, நம்ம விவரத்தை ஏத்துனேன். சிவப்பா ஒரு தையல் இருந்துச்சில்ல, அது மட்டும் அழகா இருந்துச்சு. கடைசில இருக்கட்டும்னு விட்டுட்டேன்."

"என்னோடதை அழிச்சுட்டயா?"

"அது ஃப்ளாப்பில இருக்குதுன்னு அப்பா சொன்னாரே?"

"ஃப்ளாப்பிலயும் இதுதான் இருக்குது!" அவள் அதை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

மோகன் விழித்தான். குங்குமப் பொட்டைப் பார்த்தான். "இது... இதை அப்பாதான் குடுத்தாரு. ஒரம்பரை கைல குடுத்தனுப்பலாம், இதுலயும் ஏத்துன்னாரு. சீட்டுல ஒண்ணும் எழுதல, பொட்டும் ஒரம்பரைக்குக் குடுக்க வெச்சதுன்னு நெனச்சேன். முதல்ல ஏறவே இல்ல பிரியா. எழுத முடியாதுன்னு வந்துச்சு. இது கெட்டுப்போச்சுங்கப்பான்னேன். அவருதான் வாங்கி, மூலைல என்னமோ இப்பிடித் தள்ளிக் குடுத்தாரு. ஏறிருச்சு. அப்பாவுக்கு கம்ப்யூட்டர்ல இத்தனை நாயம் தெரியுமான்னு நானே அசந்துபோயிட்டேன்."

அவன் இன்னும் அந்த ஆச்சரியத்தில்தான் இருந்தான். தங்கை முகத்தைப் பார்த்த பிறகே அது மெல்ல இறங்கியது. "பிரியா... அப்ப உன்னோடது எதுலயுமே இல்லையா?" என்றான் சன்னமாக.

*

தம்பிதுரை ஆபீஸ் அறையில் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே துடைத்து முடித்த கண்ணாடி.

"வா கண்ணு. என்னாச்சு?"

"பேர் வரலீங்கப்பா."

"ம்ம். சரி. விடு." ஏன் வரவில்லை என்று அவர் கேட்கவில்லை.

பிரியா ஃப்ளாப்பியை அவர் மேஜையில் வைத்தாள். "பூட்டைத் தள்ளுனது நீங்கதானுங்களே?"

அவர் கண்ணாடியை மாட்டினார், மறுபடி கழற்றினார். "நான் வாக்கு மாறலை. பேர் வந்தா அனுப்பறேன்னு சொன்னேன். வரலை. எட்டுப் பேர் முன்னால சொன்னதை அப்பிடியேதான் செய்யறேன்."

"வரவிடலீங்களேப்பா."

"உங்கண்ணனுக்கு இந்தத் தையோட முப்பத்தொண்ணு. அஞ்சு வருஷமா எத்தனை ஊட்டுப் படியேறி எறங்குனேன்னு உனக்குத் தெரியுமா? ஒருத்தன் பொண்ணு குடுக்கலை. இவங்க குடுக்கறாங்க. உன்னைக் கேட்டுத்தான் குடுக்கறாங்க. ரெண்டு வருஷம் எவன் காத்திருப்பான்?" குரல் கொஞ்சம் உடைந்தது. அது நடிப்பில்லை என்பதுதான் பிரியாவுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது.

"அதை என்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே? அனுப்ப முடியாதுன்னு சொல்லியிருந்தா அழுதிருப்பேன், சண்டை போட்டிருப்பேன். சாமிகிட்ட வெக்கச் சொன்னீங்களே. கண்ணுல ஒத்தி எடுத்துட்டுப் போனேனே. அத்தனை பேரும் சிரிப்பா சிரிச்சுட்டாங்களேப்பா!"

தம்பிதுரை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கார் சத்தம் கேட்டது. "வந்துட்டாங்க. மூஞ்சியக் கழுவு" என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

இருபத்தொரு வருஷத்தில் முதல் தடவையாகப் பிரியா அப்பாவை வெறுத்தாள். அது இத்தனை சுலபமாக வரும் என்று அவளே நினைக்கவில்லை. நாளைக் காலை பத்து மணி என்று சாயிரா பானு சொன்னதை அவள் சொல்லவில்லை. இந்த வீட்டில் இனி எந்தப் பூட்டையும் யாருக்கும் காட்டப்போவதில்லை.

ஃப்ளாப்பியை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் அவளுக்கு அது நினைவுக்கு வந்தது. மஜீத் பாய்! வாடிக்கையாளர் படங்களை அவர் கடைக் கம்ப்யூட்டரில் ஒரு மாதம் வைத்திருப்பார். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை கடை சாத்தும்போது ஒரேயடியாகத் துடைத்துவிடுவார். சுவரில் நாள்காட்டி தொங்கியது. ஜனவரி 29, வெள்ளி.

கடை சாத்துவது எட்டு மணிக்கு. தொலைபேசி கூடத்தில், நாற்காலிகளுக்கு நடுவில் இருந்தது.

*

பச்சைப் பட்டு, தலை நிறையப் பூ, கையில் கேசரித் தட்டு. வந்தவர்கள் ஏழு பேர். பேச்சை நடத்தியவர் மாப்பிள்ளையின் மாமா நஞ்சுண்டன். பெருந்துறைத் தொழிற்பேட்டையில் தன் சாயப்பட்டறை எத்தனை ஷெட்டாக வளர்ந்தது என்பதை ஆதியிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மாப்பிள்ளை கேசரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் தங்கை ஓரத்து நாற்காலியில் விரல்களைக் கோத்து உட்கார்ந்திருந்தாள். அவளையும் யாரும் ஒன்றும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று பிரியாவுக்குத் தோன்றியது.

"பொண்ணு கம்ப்யூட்டர்ல கெட்டின்னு சொன்னீங்களே, காட்டச் சொல்லுங்க" என்றார் நஞ்சுண்டன்.

"போட்டுக் காட்டு கண்ணு" என்றார் தம்பிதுரை. ஆபீஸ் அறையை விட்டு வந்த பின் மகளிடம் பேசிய முதல் வார்த்தை.

பிரியா உட்கார்ந்தாள். ஃப்ளாப்பியைப் போட்டாள். பிள்ளையார் வந்தார், எழுத்துகள் ஓடி வந்தன, தாவணிப் படம் சுழன்றது. ஐந்தாவதில் கைத்தட்டல் கேட்டதும் நஞ்சுண்டனும் சேர்ந்து தட்டினார். "ஆஹா, நம்ம மோகன் மாப்பிள்ளை கைவேலையா இது!" என்று யாரோ சொல்ல, மோகன் தலையைக் குனிந்துகொண்டான். காலையில் இதே கைத்தட்டலுக்கு ஒரு கூடமே சிரித்தது அவளுக்கு மறுபடி காதில் கேட்டது.

ஏழாவது வந்தது. பதினெட்டு ஏக்கரையும் நட்சத்திரத்தையும் தாண்டி, சிவப்புத் தையல் வளைந்து வளைந்து ஓடியது.

"இது என்னங்க அண்ணி?" ஓரத்து நாற்காலியிலிருந்து ஒரு குரல். மாப்பிள்ளையின் தங்கை எழுந்து திரைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டாள்.

"அது ஒண்ணுமில்ல அம்மணி, சும்மா அழகுக்கு..." என்று தம்பிதுரை ஆரம்பித்தார்.

பிரியா திரும்பி அவரை நேராகப் பார்த்தாள்.

"இது மட்டும் நான் செஞ்சதுங்க. மத்ததெல்லாம் எங்கப்பா செஞ்சது."

நஞ்சுண்டன் தொடையைத் தட்டினார்.

"பாத்தீங்களா! இந்தக் காலத்துல எந்தப் புள்ளைங்க இப்பிடிச் சொல்லுது? எல்லாம் எங்கப்பா செஞ்சதுங்குது. இதுக்குப் பேர்தான் வளர்ப்பு. குடுத்து வெச்சவருங்க நீங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். பூவாத்தாளுக்குப் பெருமையில் கண் கலங்கியது. மோகன் சிரிக்கவில்லை. தம்பிதுரை சிரிக்க முயன்றார். உதடு மட்டும் கொஞ்சம் விரிந்து அப்படியே நின்றுபோயிற்று. மகள் பார்வையைத் தாங்காமல் அவர் தரையைப் பார்த்தார்.

"அப்பறமென்னங்க, வெத்தலை பாக்கு மாத்திக்கலாமுங்களா?" என்றார் நஞ்சுண்டன்.

பிரியா ஃப்ளாப்பியை வெளியே எடுத்தாள். எல்லாரும் பார்க்க, மூலையில் இருந்த கட்டையை நகத்தால் தள்ளினாள். அது என்னவென்று அங்கே அப்பாவுக்கும் மோகனுக்கும் மட்டும் தெரியும். சுவர்க்கடிகாரத்தில் மணி ஆறு இருபது.

மாப்பிள்ளையின் தங்கை இன்னும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டாள்.

"நீங்க செஞ்ச மத்த படமெல்லாம் எங்கீங்க அண்ணி இருக்குது? எங்க கார் வாசல்லதான் நிக்குது."